ஓநாயும் அதன் சொற்கிளையும்



காட்டு விலங்கொன்றின் பெயரை ஆராய்வதற்கும் ஒரு கூட்டமா என்று சிலர் வினவக்கூடும். மொழியின் வளம் புலவர் ஏட்டில் மட்டும் இல்லை. இருளில் ஆட்டுக்கிடையைக் காத்தவன் எதைக் கண்டு குரல் எழுப்பினான் என்பதிலும் உண்டு. வந்தது நரியா, ஓநாயா, செந்நாயா என்று அவன் பிரித்துச் சொன்னான். எழுதப் படித்தவரோ இன்று அம்மூன்றையும் குழப்புகின்றனர்.

ஓநாய், கோநாய் என்றும் வழங்கும். வெட்டவெளியிலும் முட்புதர்க் காட்டிலும் திரிந்து ஆட்டைக் கவர்வது அது. செந்நாய் செந்நிறத்தது, கூட்டமாய் வேட்டையாடுவது, முதுமலையிலும் ஆனைமலையிலும் வாழ்வது. ஓநாய் ஊளையிடும், செந்நாயோ சீழ்க்கை ஒலியால் தன் கூட்டத்தை அழைக்கும். நரி இவ்விரண்டினும் சிறியது; ஊளையிடுதலால் ஊளன் என்றும் பெயர் பெற்றது. அதனினும் சிறியதாய், வால்நுனி கறுத்திருப்பது குறுநரி. 'குள்ளநரி' என்னும் பெயரையோ ஒரு நூல் ஒன்றுக்கும் மற்றொரு நூல் வேறொன்றுக்கும் இடுகிறது. கற்கும் பிள்ளை என் செய்யும்?

தொல்காப்பிய மரபியல் காட்டும் நுட்பத்தைக் காண்க. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைப்பெயர் குருளை என வகுத்து, அது நரிக்கும் பொருந்தும் என்கிறது. பன்றியிலும் நாயிலும் பெண்பாற் பெயர் பாட்டி என்று கூறி, நரியையும் அவ்வரிசையில் சேர்க்கிறது. இன்று பாட்டி என்றால் மூதாட்டி ஒருத்தியே! நாயை ஞமலி என்பது பூழிநாட்டு வழக்கென்று உரையாசிரியர் குறித்தனர். நாட்டுப்புறச் சொல்லையும் அவர்கள் இகழ்ந்து தள்ளவில்லை.

ஒரு சொல் பல பொருள் தருதற்கு ஓரி நல்ல சான்று. ஆண் நரி, குதிரையின் பிடரிமயிர், ஆண்மக்களின் தலைமயிர், முதிர்ந்த தேனின் நிறம், கொல்லிமலை ஆண்ட வள்ளல் ஆகிய அனைத்தையும் அது குறிக்கும். அவ்வள்ளலின் குதிரையையும் ஓரி என்றே சிறுபாணாற்றுப்படை கூறும். ஆதலால் நரியின் பெயரே மன்னன் பெயராயிற்று என்று விரைந்து முடிவுகட்டல் தவறு. இடம் நோக்கியே பொருள் கொள்ளல் வேண்டும்.

வடமொழியின் விருகம், கிரேக்கத்தின் இலூக்கோசு, இலத்தீனத்தின் இலூப்பசு, ஆங்கிலத்தின் உல்ஃபு யாவும் ஒரு வேரின் கிளைகள் என்பது மொழிநூலார் முடிபு. அங்கும் ஓநாயின் பெயர் விலங்களவில் நிற்கவில்லை. இலத்தீனத்தில் பெண் ஓநாயின் பெயர் பரத்தைக்கும் ஆயிற்று. அதே உரோமர், தம் நகர் கண்ட இரட்டையர்க்குப் பாலூட்டியது ஓநாயே என்றும் கதை சொல்லினர். தோலை அரிக்கும் நோய்க்கும் இலூப்பசு என்னும் பெயர் ஆயிற்று. பெருந்தீனி உண்ட வீமன், வடமொழியில் விருகோதரன் எனப்பட்டான். ஓநாய் வயிறன் என்பது பொருள்.

தமிழ் ஓநாய் இக்கிளை எதனையும் சார்ந்ததன்று. நாய் என்னும் சொல்லுக்கு அடை சேர்த்து ஓநாய், செந்நாய், நீர்நாய் எனத் தமிழர் அமைத்தனர். வீட்டுநாய் பண்டை ஓநாயின் வழிவந்தது என்று அறிவியலார் கூறுவதைக் கேட்டு, அதனைத் தமிழர் முன்பே கண்டனர் எனப் பெருமை பேசவேண்டா. நீர்நாய் நாயினமே அன்று. தோற்றத்தால் வந்த பெயர் அது. கண்டதற்குத் தம் சொல்லாலேயே பெயரிட்டனர். உண்மையான பெருமை அதுவே.

உவமையிலும் விழிப்பு வேண்டும். ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் விவிலிய வழி வந்தது. கொடியது எளியதாய் நடிப்பது. திருக்குறளின் 273ஆம் பாட்டோ புலித்தோல் போர்த்த ஆவைக் காட்டும். வலியற்றது வலியதாய் நடிப்பது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் தலைகீழாகும்.

ஓநாயைக் காக்க 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சொல்லைக் காக்கச் சட்டம் இல்லை. பேசும் மக்களே காவல். ஆசிரியர்கள் வகுப்பில் குருளை என்று சொல்லிக் கொடுக்கட்டும். மாணவர்கள் விடுமுறையில் ஆடு மேய்ப்பாரிடம் சென்று, அவர் வாயில் வழங்கும் விலங்குப் பெயர்களைக் குறித்து வரட்டும். அம்முதியோர் மறைந்தபின் அச்சொற்களை எந்த அகரமுதலியிலும் தேடிப் பயனில்லை.