பூட்டும் புத்தியும்



குரோம்பேட்டையில் 1949-ல் எம்.ஐ.டி. தோன்றியது. இன்று அங்கிருந்து வண்டலூர், காட்டாங்கொளத்தூர் வரை பொறியியல் கல்விக்கூடங்கள் நிற்கின்றன. கணினிப் பொறியியலில் சைபர் பாதுகாப்பு என்னும் பிரிவில் நம் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். சந்தோஷமே. ஆனால் அப்படிப்பின் சாரமென்ன?

மந்திரத்தை மறைத்து வைப்பதே அதற்குச் சக்தி என்று நமக்குச் சொல்லிவந்தார்கள். இச்சாஸ்திரமோ நேர்மாறானது. முறை எதிரிக்குத் தெரிந்தாலும் கெடுதியில்லை, சாவி மட்டும் இரகசியமாயிருந்தால் போதும் என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் என்பவர் எழுதினார். இன்று உலகெங்கும் வழங்கும் ஏ.இ.எஸ். என்னும் பூட்டும், பல நாட்டு அறிஞர்கள் பகிரங்கமாய் உடைக்க முயன்று சோதித்த பின்பே 2001-ல் ஏற்கப்பட்டது. சோதனைக்கு அஞ்சுவது பாதுகாப்பாகுமா?

இதையே சுலோகம் போல் உருப்போட்டுப் பரீட்சையில் கக்கினால் என்ன பிரயோசனம்? வீடியோவில் காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் தோன்றி, "உன்னை டிஜிட்டல் கைது செய்துவிட்டோம்" என்றதும் பட்டதாரியும் நடுங்கிப் பணம் அனுப்புவதா? அப்படியொரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. திருடன் பூட்டை உடைப்பதில்லை. நமது பயத்தையும் பேராசையையுமே சாவியாக்கிக் கொள்ளுகிறான்.

ஆகவே மாணவத் தோழர்களே! ஓ.டி.பி.யை எவருக்கும் சொல்லலாகாது என்றும், ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டுமென்றும் முதலில் உங்கள் தாய் தந்தையருக்குச் சொல்லுங்கள். காக்கியானாலும் காவியானாலும், "நீ யார்? ஆதாரமென்ன?" என்று கேட்கும் துணிவு வராத படிப்பு, சாவியைக் கதவிலேயே விட்டுவைத்த பூட்டேயாகும்.