கடல் கடக்கும் தும்பி



மழைக்கு முன்னே களத்துமேட்டிலும் வயல்வெளியிலும் கூட்டங்கூட்டமாய் மிதந்து திரியும் பொன்னிறத் தும்பியைக் காணாத குடியானவர் இலர். தட்டான் தாழப் பறந்தால் மழை என்பது கிராமத்து வழக்கு. இத்தும்பியின் சாஸ்திரப் பெயர் பான்டாலா பிளேவசென்ஸ் என்பது. 1798-ல் பெப்ரீஷியஸ் என்னும் பண்டிதர் இதனை முதன்முதல் விவரித்தார். இதன் உடல் ஏறக்குறைய நாலரை செண்டிமீட்டர் நீளமுடையது. பின்சிறகுகளின் அடிப்பாகம் அகன்றிருப்பதால், சிறகை அதிகம் அடிக்காமலே நெடுநேரம் காற்றில் மிதக்க வல்லது.

உஷ்ணப் பிரதேசங்கள் எங்கும் இது பரவியுள்ளது. பசிபிக் சமுத்திரத்தில் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவில் வாழும் தும்பியினம் இது ஒன்றே. மாலத்தீவுகளுக்கு ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் திரளாக வந்து சேருகிறது. அங்கோ, முட்டையிடத் தக்க நன்னீர்த் தேக்கம் மிக அரிது. எனின், இவை எங்கிருந்து வருகின்றன? சார்லஸ் ஆண்டர்சன் என்னும் கடலுயிர் ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகள் கவனித்து, 2009-ல் தம் முடிபை வெளியிட்டார். இவை இந்தியாவிலிருந்து வடகிழக்குக் காற்றின் துணையால் புறப்பட்டு, மாலத்தீவுகளைக் கடந்து, சுமார் 3,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிழக்கு ஆப்பிரிக்காவின் மழையை நாடிச் செல்கின்றன என்பது அம்முடிபு. தென்மேற்குக் காற்றோடு திரும்புவன இவற்றின் சந்ததிகள் என்று கருதப்படுகிறது.

இத்தும்பி மழையைத் தொடர்வதற்குக் காரணம் உண்டு. மழையால் புதிதாய்த் தேங்கிய ஆழமற்ற குட்டையே இது முட்டையிடும் இடம். அங்கே மீன் முதலிய பகைகள் குறைவு. குட்டை வற்றுமுன் குஞ்சு வளர்ந்தாக வேண்டும். 38 முதல் 65 நாட்களுக்குள் சிறகு பெற்று வெளியேறுகிறது. நீரிலிருக்குங்கால் கொசுப்புழுக்களைத் தின்னும். சிறகு பெற்றபின் கொசுவையும் பிற சிறு பூச்சிகளையும் பறந்தபடியே பிடித்துண்ணும்.

சமுத்திரத்தைக் கடக்கும் இப்பிராணி, குட்டையில் கலந்த விஷத்துக்குத் தப்புவதில்லை. நீரை விட்டு வெளியேறக் குஞ்சுக்கு வழியில்லை. ஆகையால் பூச்சிமருந்தை அவசியமறிந்து, அளவறிந்து தெளித்தல் வேண்டும். தெளிப்பான்களையும் மருந்துப் புட்டிகளையும் குட்டையிலோ வாய்க்காலிலோ கழுவலாகாது. வீட்டருகே தேங்கும் நீரை அகற்றுக. வயலோரக் குட்டையை விஷமின்றிக் காத்திடுக. சங்கத்தில் மருந்து வழங்கும்பொழுதே இவ்வெச்சரிக்கையையும் வழங்குவது நிர்வாகிகளின் கடமை. தும்பியின் வாலில் நூல் கட்டி விளையாடும் சிறுவர்க்கும் இதன் நெடும்பயணத்தை எடுத்துரைப்பீர்களாக.