வெறும் தரைக்கும் விலை உண்டு

ஜப்பானியத் தோட்டங்களின் சாயலில் அச்சிட்ட பருத்தித் துணியைத் தையல் பழகியவர்கள் பலர் விரும்பி வாங்குகிறார்கள். கருநீலத் தரையில் வெள்ளை ஐரிஸ் பூ, ஓடும் நீரில் மேப்பிள் இலை, பைன் கிளை, அடுக்கலை என்று பார்த்த கண்ணை எடுக்க மனம் வராது. ஆனால் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும்போது பூவை மட்டும் கத்தரித்துக்கொண்டு, மற்றதைக் கழிவென்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த வெறும் தரைதான் துணிக்கு உயிர் என்பது என் கட்சி.

கியோத்தோவின் ரியோஆன்ஜி கோயிலில், வாரிவிட்ட வெள்ளைச் சரளைப் பரப்பில் 15 கற்களும் அவற்றின் காலடியில் கொஞ்சம் பாசியும்தான் தோட்டம். கற்களுக்குக் கம்பீரம் தருவது இடையில் கிடக்கும் சரளை. துணியிலும் இதே கணக்குதான். இசே வட்டாரத்தில், இன்றைய சுசுகா நகரில், பெர்சிமன் காய்ச் சாற்றால் கைத்தாள்களை ஒட்டி, புகையூட்டி, அதில் கூர்ங்கத்தியால் கோலம் வெட்டுவார்கள். தாளைத் துணிமேல் வைத்து அரிசிப் பசை தடவினால், துளை வழியே பசை இறங்கும். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. கவனியுங்கள் நேயர்களே, கத்தி வெட்டுகிற இடமெல்லாம் வெள்ளையாக நிற்கப்போகிற இடம்! வெள்ளைத் தரையில் நீலப் பூ வேண்டுமென்றால் தரை முழுவதையும் வெட்டியெடுக்க வேண்டும். பிடிப்பில்லாமல் தனித்து நிற்கும் பகுதிகளைத் தாங்க, இரு தாள்களுக்கு நடுவே பட்டு நூல் கோத்தார்கள். ஒன்றுமில்லாததுபோல் தெரியும் இடத்துக்கு இத்தனை உழைப்பு. இந்தக் கலையை ஜப்பான் அரசு 1955இல் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இன்று கடைக்கு வருவது பெரும்பாலும் திரை அச்சுத் துணி. என்றாலும் அதன் இடைவெளிக் கணக்கு அந்தத் தாளில் பழகியதே.

“ஒட்டுத்துணி வேலை என்றாலே வெட்டுவதுதானே, ஜப்பானியரும் துண்டு போட்டவர்கள்தானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் சோழமண்டலக் கரையிலிருந்து டச்சுக்காரர்கள் கொண்டுபோன பூவேலைப் பருத்தியை, அங்கே தேநீர்ச் சடங்குக் கலங்களுக்குச் சிறு பைகளாகத் தைத்துப் போற்றினார்கள். அது அரிய துணி. நெருக்கமான கோலமாதலால் சிறு துண்டிலும் அழகு தெரியும். தங்கள் கோடைக்கால யுகாதா உடைக்கோ, ஏறத்தாழ 36 செ.மீ. அகலமுள்ள துணியைப் பெரும்பாலும் அகலம் குறைக்காமல் நேராக வெட்டித் தைத்தார்கள். பொன் வரியிட்டு இடைவெளியே இல்லாமல் அச்சிட்ட துணிகளும் உண்டே என்றால், அவற்றைத் தாராளமாகத் துண்டு போடுங்கள், தடையில்லை.

பெரிதாக வெட்டினால் துணி வீணாகும் என்ற அச்சத்துக்குக் கணக்கே பதில் சொல்லும். கால் அங்குலத் தையல் விளிம்பு விட்டால், இரண்டரை அங்குலச் சதுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மடிப்புக்குள் போய்விடும். பத்தரை அங்குலச் சதுரத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது. ஆகவே துணியை முதலில் தனியாக அலசுங்கள், நீலம் கசியும். உலர்ந்தபின் ஒரு கோலம் எங்கே தொடங்கி எங்கே மறுபடி வருகிறதென்று அளந்து, அதற்குக் குறையாமல் வெட்டுங்கள். உங்கள் அடுத்த போர்வையில் தரைக்கும் இடம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.