வாரத்துக்கு ஒரு சந்தோஷம்



மாதச் சம்பளம் இல்லாமல் எழுத்தை நம்பி வாழ்பவர்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், திங்களும் ஒன்றுதான். அதனால் வாரத்துக்கு ஒரு சந்தோஷத்தை நாமே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். முந்திரிக்காட்டு ஊரான முத்தாண்டிக்குப்பத்தில் இருக்கும் எனக்கு அதற்குப் பஞ்சமே இல்லை.

இந்தப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பாருங்கள். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். ஓங்கி ஒரே தட்டு. பருப்பு உடையாமல் முழுசாக வெளியே வரும். அந்தக் கைப்பக்குவத்தைப் பார்ப்பது ஒரு சந்தோஷம்.

அதே மக்களைப் புத்தகத்தில் சந்திப்பது இன்னொரு சந்தோஷம். மணக்கொல்லைக்காரரான எழுத்தாளர் கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' நாவலைப் படியுங்கள். முந்திரிக்காட்டுப் பெண்ணின் பாடு அதில் அப்படியே இருக்கிறது. பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான், தம் நாவலையே 2007-இல் 'ஒன்பது ரூபாய் நோட்டு' என்று படமாக்கினார். சத்யராஜின் நடிப்புக்காகவே வீட்டோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

இந்தப் புத்தகச் சந்தோஷம் பிள்ளைகளுக்கும் கிடைக்க, நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் நடத்தும் புத்தகக் கண்காட்சிக்கு அவர்களைக் கூட்டிப்போங்கள். அவர்களுக்குப் பிடித்த புத்தகத்தை அவர்களே எடுக்கட்டும்.

எங்கள் பக்கத்தை எழுதியதுபோல உங்கள் ஊரையும் யாராவது எழுதியிருப்பார்கள். இந்த வாரம் அந்தப் புத்தகத்தைத் தேடிப்பிடித்துப் பத்துப் பக்கமாவது படியுங்கள். படித்ததை வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். சந்தோஷம் இரட்டிப்பாகும்.