தடுமாறும் எஞ்சின்

வீதியில் ஒழுங்காக ஓடிவந்த பழைய கார் ஒன்று, புகையிரதக் கடவையில் நின்றதும் நடுங்கத் தொடங்குவதுண்டு. கண்ணாடிகள் அதிரும், கியர்த் தண்டு ஆடும், சில நொடிகளில் எஞ்சின் நின்றுவிடவும் கூடும். அவ்வேளையில் காரின் சொந்தக்காரர் பெரும்பாலும் செய்வது யாதெனின், மூடியைத் திறந்து காபுரேற்றரின் திருகாணியை முறுக்குவதேயாகும். நடுக்கம் சிறிது அடங்கியது போலத் தோன்றும். மறுவாரம் முன்னிலும் மோசமாகத் திரும்பிவரும். இதற்குக் காரணம் எளிது. காபுரேற்றர் கடைசியாகத் தொடவேண்டிய உறுப்பு. அதனை முதலிற் தொடுவோர் உண்மைக் குற்றத்தை மறைக்கின்றனரேயன்றித் தீர்க்கின்றாரல்லர்.

வண்டி நிற்க எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் நிலையை ‘ஐட்லிங்’ என்பர். அப்போது திறொட்டில் ஏறக்குறைய முற்றாக மூடியிருக்கும். உட்செல்லும் காற்றும் பெற்றோலும் மிகச் சொற்பம். ஒவ்வொரு வெடிப்பும் வலுக்குன்றியது. வேகத்தில் ஓடும்போது பறக்கும் சில்லின் உந்தம் ஒரு சிலிண்டரின் தளர்ச்சியை மறைத்துவிடும்; ஐட்லிங்கில் அது மறையாது. ஆகவே எஞ்சினின் உடல்நிலையை அறிய ஏற்ற வேளை அதுவேயாகும்.

இலங்கை வீதிகளில் இன்னும் காணப்படும் மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948 இல் அறிமுகமான இக்கார், 1956 முதல் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சினையும், 1962 முதல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினையும் பெற்றது. நான்கு சிலிண்டர்கள், தீப்பற்றும் ஒழுங்கு 1, 3, 4, 2, ஒரே ஓர் எஸ்.யூ. காபுரேற்றர்.

முதலில் அறியவேண்டுவது, நடுக்கம் ஒரு சிலிண்டரினாலா, நான்கினாலுமா என்பது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், மின்தாக்காத பிடியுள்ள குறடு கொண்டு பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மீளப் பூட்டல் வேண்டும். நல்ல சிலிண்டரின் கம்பியைக் கழற்றினால் எஞ்சின் மேலும் தளரும். எதனைக் கழற்றியும் மாற்றம் இல்லையோ அதுவே வேலை செய்யாத சிலிண்டர். அதன் பிளக்கை அயற் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்க, குற்றமும் உடன் சென்றால் பிளக் பழுது. செல்லாவிடின் கம்பியையும் டிஸ்ரிபியூற்றர் மூடியையும் ஆராய்தல் தகும்.

பிளக்கின் நிறமும் பேசும். இளங்கபிலம் நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி பெற்றோல் மிகுதியையும், எண்ணெய்ப் பசை தேய்ந்த வளையங்களையோ வால்வு வழிகளையோ, வெண்மை பெற்றோற் குறைவையோ மிகுவெப்பத்தையோ காட்டும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம்; டிஸ்ரிபியூற்றர்ப் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலம். இவ்விரண்டையும் தகட்டளவி கொண்டு சரிசெய்வதனாலேயே பல கார்கள் குணமடைந்துவிடும்.

அடுத்தது வால்வு. குளிர்ந்த எஞ்சினில் இடைவெளி 0.012 அங்குலம் இருத்தல் வேண்டும். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டது. கடின இருக்கை பொருத்தப்படாத பழைய எஞ்சின்களில், ஈயத்தின் காப்பின்றிப் புகைபோக்கும் வால்வின் இருக்கை நாளடைவில் தேயும். வால்வு மேலேறி இடைவெளி குறையும். ஈற்றில் வால்வு முற்றாக மூடாது, அமுக்கம் கசியும். அமுக்கமானி குறைவு காட்டினால், அச்சிலிண்டருக்குள் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளத்தல் வேண்டும். அமுக்கம் ஏறினால் குற்றம் வளையத்தில். ஏறாவிடின் பெரும்பாலும் வால்வில். அயலயலாயுள்ள இரு சிலிண்டர்கள் ஒருங்கே குறைவு காட்டின் தலைமூடியின் காஸ்கெற் ஐயத்துக்குரியது.

மூன்றாவது, காற்றுக் கசிவு. திறொட்டில் மூடியிருக்கையில் உட்குழாயின் உறிஞ்சல் மிக வலியது. ஆகவே சிறு வெடிப்பும் ஐட்லிங்கைக் குலைக்கும், வேகத்திலோ அது தெரியாது. காபுரேற்றரின் அடியிலும் உட்குழாய்ப் பொருத்திலும் சில துளி எஞ்சின் எண்ணெய் விடுக. ஓட்டம் அக்கணமே மாறினால் கசிவு அங்கேயே. டிஸ்ரிபியூற்றருக்குச் செல்லும் மெல்லிய குழாயும் வெடித்திருக்கக்கூடும்.

இவையெல்லாம் செவ்வையான பின்னரே காபுரேற்றரின் முறை. எஞ்சின் நன்கு சூடேறி, சோக் முற்றாக உள்ளே தள்ளப்பட்டிருத்தல் வேண்டும். காபுரேற்றரின் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துக. ஓட்டம் கணநேரம் சிறிது கூடிப் பின் அமைந்தால் கலவை சரி. கூடியபடியே இருந்தால் பெற்றோல் மிகுதி. தளர்ந்து நின்றால் குறைவு. அடியிலுள்ள அறுகோண நட்டை மேலேற்றப் பெற்றோல் குறையும்; கீழிறக்கக் கூடும். ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டுமே திருப்புக. இவ்வேலை திறந்த வெளியில் நடைபெறல் வேண்டும். மூடிய கராச்சில் தேங்கும் காபனோரொட்சைட்டு மணமற்றது, உயிரைக் கொல்வது.

1990களில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிய யாழ்ப்பாணத்தில், இத்தகைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கரி படிந்தது, எஞ்சின் எண்ணெய் நீர்த்தது, ஆயினும் நோயாளரையும் குடும்பங்களையும் அவை சுமந்தன. புதிய உறுப்பு எளிதிற் கிடையாத இடத்தில், பழுதான உறுப்பு எதுவென ஐயமற அறிவதே பெருஞ் சிக்கனமாகும்.

இன்றும் அச்சிக்கனம் வேண்டற்பாலது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் ஒரு சோதனை. முன்னிருந்த அளவு தாளில் ஒரு குறிப்பு. பதறாத காரியம் சிதறாது என்பது பழைய காருக்கும் பொருந்தும்.