தைப் பனியும் சித்திரைப் பூவும்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது தமிழகத்துச் சமவெளியில் வழங்கும் பழமொழி. முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து இலங்கை மலைநாட்டுக்கு வந்த நம் முன்னோர், இந்தப் பழமொழியையும் தம் மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வந்திருப்பர். ஆனால் ஹட்டனில் ஆடி மாதம் விதைப்பதற்குரிய மாதமன்று. கச்சான் காற்றோடு வரும் தென்மேற்குப் பருவமழை மே மாதக் கடைசியில் தொடங்கிச் செப்டெம்பர் வரை விட்டு விட்டுப் பெய்து கொண்டேயிருக்கும். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள வட்டவளையில் ஓராண்டு மழை 5000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அந்த மழையிலே தூவிய கரட் விதை, முளைப்பதற்கு முன்பே காணு வழியாக ஓடி ஆற்றைச் சேர்ந்துவிடும்.

ஆகவே நேயர்களே, கோடைக்கால வீட்டுத் தோட்டம் என்று பேசத் தொடங்கும்போது, நமது கோடை எது என்பதை முதலில் தீர்மானித்துக் கொள்ள வேண்டும். மதுரையிலே அக்கினி நட்சத்திரம் கொளுத்துகின்ற நாட்களில் நம்மவர் படங்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் புறப்படுகின்றனர். தை பிறப்பதிலிருந்து சித்திரை பிறப்பது வரை, அதாவது ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரைதான் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய பகுதிகளுக்கு வெயிற்காலம். மலைமுகட்டைத் தாண்டி வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் இறங்கினால் கணக்கு மறுபடியும் மாறும். மழையை இப்பக்கமே உதிர்த்துவிட்ட கச்சான் காற்று அங்கே வறண்ட காற்றாக வீசுவதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அவர்களுக்கு வெயில். பண்டாரவளையிலுள்ள மைத்துனர் சொல்லும் விதைப்பு நாளை டிக்கோயாவிலிருப்பவர் பின்பற்றினால் விதைக் காசுதான் நட்டம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். மலைநாட்டில் "தோட்டம்" என்றால் ஆயிரம் ஏக்கர் தேயிலை. லயத்துக்கு முன்னாலோ பின்னாலோ நாலு பாத்தி கட்டிய இடத்துக்கு அந்தப் பெயரைச் சொல்ல நமக்கே கூச்சமாயிருக்கிறது. மரக்கறித் துண்டு என்றே சொல்லுகிறோம். இன்றைய பேச்சு அந்தத் துண்டைப் பற்றியது.

நமது வெயிற்காலத்தின் விசித்திரம் என்னவென்றால், பகலில் மண் காய்கிறது, இரவில் பனி எரிக்கிறது. சுமார் 1870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானதாகையால் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. பள்ளத்திலுள்ள உருளைக்கிழங்கு ஒரே இரவில் கருகிப்போக, மேட்டு லயத்துப் போஞ்சிக் கொடி பிழைத்திருப்பதன் காரணம் இதுவே. இதைச் சாமி குற்றமென்று சொல்லுவாரும் உண்டு. இடத்தின் குற்றமென்பதே சரி. ஹட்டன் சுமார் 1270 மீட்டர் உயரமே ஆதலால் அங்கே இந்தப் பயம் குறைவு.

பனியைத் தாங்கும் பயிர்கள் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் ஆகியவை. தாங்காதவை போஞ்சி, தக்காளி, பூசணி, உருளைக்கிழங்கு. நுவரெலியாவில் இருப்போர் முதல் வகையைத் தையிலே தொடங்கி, இரண்டாம் வகையை மாசி நடுப்பகுதிக்குப் பின் விதைப்பது நல்லது. இளநாற்றின் மேல் மாலையில் மானாப்புல்லையோ பழைய சாக்கையோ பரப்பி, காலையில் எடுத்துவிடுங்கள். பனி விழுந்துவிட்டால், சூரியன் படுமுன் இலை மேல் தண்ணீர் தெளித்து அதனைக் கரைத்துவிட வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துரை பங்களாக்களின் வேலியோரம் கொத்துக் கொத்தாக நீலநிறத்தில் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பூவின் நீலம் மண்ணின் புளிப்பைச் சொல்லுகிறது. புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது. அதே செடியைச் சீமெந்துச் சுவரோரம் வைத்தால், சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பினால் இளஞ்சிவப்பாகப் பூப்பதும் உண்டு. தேயிலைக்குப் புளித்த மண்ணே உகந்தது, பி.எச். அளவு 4.5க்கும் 5.5க்கும் இடையே அது செழிக்கும். கரட்டுக்கும் கோவாவுக்கும் ஆறுக்கு மேல் வேண்டும். புளித்த மண்ணில் வைத்த கோவாவின் வேர் குண்டாந்தடிபோல் வீங்கி, நண்பகலில் இலை தொங்கிவிடும் நோய் அடிக்கடி வரும்.

இதற்கு மருந்து நம் அடுப்பிலேயே இருக்கிறது. கவ்வாத்து மிளாரை எரித்த சாம்பலை வீணாக்காமல், மழை படாத தகரத்தில் சேர்த்து வையுங்கள். விதைப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு கை அளவு தூவிக் கொத்திவிடலாம். ஆனால் பச்சைச் சாணத்தோடு சாம்பலைக் கலக்கக் கூடாது. சாணத்திலுள்ள நைதரசன் காற்றோடு போய்விடும். நன்கு மக்கிய எருவைத் தனியே, பின்னர் இடுங்கள்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகவே அமைக்க வேண்டும். மேலிருந்து கீழாக நீளப் பாத்தி போடுவது தண்ணீர் வடிய வசதி என்று பலர் எண்ணுகின்றனர். வடிவது தண்ணீர் மட்டுமன்று. சித்திரையில் பிற்பகல் இடிமழை ஒன்று பெய்தால், மூன்று மாதம் எருவிட்ட மேல்மண் முழுவதும் கீழ் லயத்தாரின் வாசலில் கிடக்கும். தேயிலை மலையில் காணு வெட்டியவர்களுக்கு இதை நான் கற்பிக்க வேண்டியதில்லை.

தண்ணீருக்குப் பீலியை நம்பியிருக்கும் லயங்களில் பங்குனி மாதம் சோதனைக் காலம். அரிசி கழுவிய நீர், மரக்கறி கழுவிய நீர் ஆகியவற்றைத் தனிவாளியில் சேர்த்துப் பாத்திக்கு விடுங்கள். பனிக்காலம் தீரும் வரை காலையில் ஊற்றுவதே நலம். நிழல்மரமான கிறவில்லாவின் உதிர்ந்த இலையைச் செடியைச் சுற்றி நாலு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால், நாள்தோறும் ஊற்ற வேண்டிய தண்ணீரை ஒன்றுவிட்டொரு நாள் ஊற்றினால் போதும். பகல் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்து வந்த பெண்ணே பீலிக்கும் போக வேண்டும் என்ற வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. வாளி தூக்க ஆண்பிள்ளைக்கும் கையுண்டு.

கரட் விதையை நாற்றுவிடாமல் நேரே தூவ வேண்டும்; சிறிது உலர்ந்த மணலோடு கலந்தால் சீராக விழும். நாற்றுகள் விரல் நீளம் வந்ததும் இரண்டங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிட மனம் வர வேண்டும். மனம் வராதவர் மூன்று மாதத்துக்குப் பின் வேர்நூலைத்தான் பிடுங்குவர். அவசரக்காரருக்கு ராபு உண்டு. இரவில் தண்டை அறுக்கும் வெட்டுப்புழுவுக்கு மருந்தடிப்பதைவிட, விளக்கோடு போய்க் கையால் பொறுக்குவதே சிறிய துண்டுக்குப் போதும்.

பூக்களைக் கடைசியில் சொல்லுவதால் அவற்றைக் குறைவாக எண்ணவில்லை. டேலியாக் கிழங்கைத் தை மாதத்தில் நட்டு, ஒரு முழம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி, மிளாரால் ஊன்றுகொடுத்தால் சித்திரையில் பூக்கும். நுவரெலியாப் பூங்காவைப் பார்க்க ஏப்ரலில் கொழும்பிலிருந்து ஊரே திரண்டு வருகிறதே, அதே பூ லயத்து வாசலிலும் பூக்கத் தடையில்லை. பால்மா டின்னில் ஜெரேனியம், பாத்தியோரம் செண்டுப்பூ. செண்டுப்பூ மாரியம்மன் மாலைக்கும் ஆகும். வேரைத் துளைக்கும் நுண்புழுக்களையும் ஓரளவு அடக்கும்.

இத்தனையும் சொன்ன பிறகு, பலர் மனத்திலுள்ள கேள்வியைத் தவிர்த்துவிட முடியாது. இந்தத் துண்டு யாருடையது? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. லயத்தில் இருப்பவருக்குப் பாத்தி உண்டு, பத்திரமில்லை. அதனாலேயே நம் துண்டுகளில் மூன்று மாதப் பயிர் இருக்கிறது. காய்க்க ஐந்தாறு ஆண்டு பிடிக்கும் ஆனைக்கொய்யா மரம் அருமையாகவே இருக்கிறது. பத்திரமில்லாத நிலத்தில் மரம் வைப்பவர் எத்தனை பேர்?

2022இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கினர். நல்ல எண்ணந்தான். நாட்கூலிக்காரருக்கு வேலையில்லாத வெள்ளிக்கிழமை என்பது கூலியில்லாத வெள்ளிக்கிழமை.

அண்மைக் காலத்தில் தனி வீட்டோடு 7 பேர்ச் காணி பெற்ற குடும்பங்கள் இருக்கின்றன. ஏழு பேர்ச் என்பது சுமார் 1900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக மீதி ஏறத்தாழ 1350. அதை முழுவதும் சீமெந்து பூசிவிட வேண்டாமென்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். காலை வெயில் படும் பக்கத்தைப் பாத்திக்கும், எல்லையோரத்தை ஓர் ஆனைக்கொய்யாவுக்கும், வேலிக்கு மரத்தக்காளிக்கும் விடுங்கள். அந்த மரத்தை இனி யாரும் கேட்க வரமாட்டார்கள்.

மே பிறந்ததும் டேலியாக் கிழங்கைத் தோண்டிச் சாம்பலில் புரட்டி எடுத்து வையுங்கள். கச்சான் மழையில் மண்ணிலேயே விட்டால் அழுகிவிடும். போஞ்சியிலும் செண்டுப்பூவிலும் நல்ல செடி இரண்டைப் பறிக்காமல் முற்றவிட்டு விதையெடுங்கள். கலப்பின விதையிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் வராது. ஆகையால் ஊரில் பழகிய பழைய போஞ்சியிலேயே எடுக்க வேண்டும். கரட் விதையைக் கடையில்தான் வாங்கியாக வேண்டும். எடுத்த விதையை நன்றாக உலர்த்திப் போத்தலில் அடைத்து, சாம்பலிட்டு மூடி, அடுப்புச் சூடு எட்டும் தட்டில் வைத்தால், மழை முழுவதும் பூஞ்சணம் பிடிக்காமல் அடுத்த தை வரை இருக்கும்.