செத்த வீட்டில் வைக்கும் கைநாட்டு

(தோட்ட மரண உதவிச் சங்கக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



நமது சங்கத்தில் சாவுச் செலவுக்குக் காசு சேர்க்கிறோம். நல்ல காரியம். ஆனால் வேலைத்தலத்தில் ஒரு ஆள் இறந்துபோனால், பெட்டிக்கும் தேத்தண்ணிக்கும் மேலே, அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி சேர வேண்டிய காசு ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் நடந்த ஒரு சங்கதி. மரம் வெட்டப் போன ஒரு தொழிலாளி, கிளை முறிந்து விழுந்து இறந்தார். மூன்று சின்னப் பிள்ளைகள். கருமாதி முடியுமுன்னே ஒருவர் ஒரு கவரையும் டைப் அடித்த ஒரு கடதாசியையும் கொண்டுவந்தார். "இதில ஒரு கைநாட்டு வையம்மா" என்றார். அந்தத் தங்கச்சியும் வைத்துவிட்டாள். எல்லாம் கிடைத்துவிட்டது, இனிமேல் ஒன்றும் கேட்கமாட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. நானும் அங்கே நின்றேன். வாசித்துக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் பிழை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலை காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்து ஆள் இறந்தால், முதலாளி நட்டஈடு கட்ட வேண்டும். முதலாளி மேல் பிழை இருக்கிறது என்று நாம் நிரூபிக்கத் தேவையில்லை. இறந்தவருடைய சம்பளத்தைப் பார்த்துத்தான் தொகை கணக்காகும். 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதில் சேரும்.

முக்கியமான விஷயம் இதுதான். மரண நட்டஈட்டை முதலாளி குடும்பத்தின் கையில் கொடுத்து முடித்துவிட முடியாது. தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் கட்ட வேண்டும். அவர் விசாரித்து, இறந்தவரை நம்பியிருந்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பார். சின்னப் பிள்ளைகளின் பங்கைப் பாதுகாப்பாக வைப்பிலிடவும் செய்வார். உரிமையை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிய கடதாசி சட்டத்தின் முன் நிற்காது. ஆகையால் கைநாட்டு வைத்துவிட்டோமே என்று யாரும் வீட்டில் முடங்க வேண்டாம்.

கோர்ட்டில் வழக்குப் போட முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். ஆனால் அங்கே முதலாளியின் கவனயீனத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். லோயர் செலவும் உண்டு, வருடக்கணக்கும் ஆகும். ஒரே சாவுக்கு இரண்டு பக்கமும் காசு வாங்க இயலாது. எந்த வழி என்று யோசித்துத்தான் போக வேண்டும். எந்த வழியானாலும் 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

அப்படியென்றால் சாவு நடந்த அன்றே என்ன செய்ய வேண்டும்?

ஒன்று, மரண விசாரணையைத் தடுக்காதீர்கள். "அறுக்க வேணாம், சடலத்தைத் தாங்க" என்று நாமே கெஞ்சுகிறோம். மனசு கேட்காதுதான். ஆனால் குளவி கொட்டிச் செத்ததா, மாரடைப்பா என்று நாளைக்குக் கேள்வி வந்தால், பேசப்போவது அந்த அறிக்கைதான்.

இரண்டு, அன்றைக்கு எந்த மலையில், எந்த வேலையில், எத்தனை மணிக்கு என்று எழுதி வையுங்கள். பக்கத்தில் நின்றவர்களின் பெயரையும் எழுதுங்கள். செக்ரோலில் பேர் விழுந்திருக்கிறதா என்று தலைவரைக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்று, மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். விவாகப் பதிவு இல்லையென்றாலும் விட்டுவிடாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி மனுப் போடுங்கள். ஹட்டன், நுவரெலியா தொழில் காரியாலயங்களில் வழி கேட்கலாம்.

இன்னொன்று. ஈ.பி.எப்., ஈ.டி.எப்., சேவைக்காலப் பணம் எல்லாம் வேறு. அவை அவர் உழைத்துச் சேர்த்தவை. 5 வருடம் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக வரும். ஆள் இறந்தாலும் அது வாரிசுக்குச் சேரும். "அதையெல்லாம் தந்தாச்சே, இனி என்ன?" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நட்டஈடு தனி.

அந்தத் தங்கச்சி ஒன்றே முக்கால் வருடம் கழித்துத்தான் என்னிடம் வந்தாள். செக்ரோலில் புருஷனுக்கு ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து, ஓடி ஓடி மனுப் போட்டோம். மரண விசாரணை அறிக்கை இருந்தபடியால் காரியம் நின்றது. நட்டஈடு கிடைத்தது. இன்னும் 3 மாதம் வீட்டில் இருந்திருந்தால்?

ஆகையால் இன்று ஒரு தீர்மானம் எடுப்போம். இனி இந்தத் தோட்டத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு யார் கடதாசி கொண்டுவந்தாலும், சங்கத்தில் ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டாமல் யாரும் கைநாட்டு வைக்கக் கூடாது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள். என்னையும் கூப்பிடுங்கள். இந்த முறை நான் சும்மா நிற்கமாட்டேன்.